50 மீட்டருக்குள் எத்தனை வீடுகள்

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு மழை விட்ட முதல் காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில், மண்சரிவில் பாதி இடிந்து நின்ற ஒரு வீட்டுக்கு மேலே ட்ரோனை 60 மீட்டர் உயரத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். என் செய்திப் பணியில் அதிகம் பேர் பார்த்த படம் அது. நான் எடுத்தவற்றுள் என்னை அதிகம் வருத்திய படமும் அதுவே. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் சில அடிப்படைகளைச் சொல்லிவிட வேண்டும்; ஏனென்றால், என் தவறு அந்த அடிப்படைகளில் ஒன்றை அரைகுறையாகக் கடைப்பிடித்ததால் நேர்ந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். 2008இல் மணமுடித்து டர்பனுக்கு வந்தேன். என் மனைவியின் முன்னோர் 1860க்குப் பிறகு சென்னையிலிருந்து கப்பலேறி, நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். நான் வேலை பார்க்கும் வார இதழ் ஆங்கிலத்தில் வருகிறது. அதன் வாசகர்களில் பெரும்பாலோர் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட், வெருலம் பகுதிகளில் வாழும் இந்திய வம்சாவளியினர். தமிழ் இங்கே பலருக்குக் கோயில் பாட்டாகவும், ஆயா, தாத்தா, அண்ணா என்ற உறவுச் சொற்களாகவுமே எஞ்சியிருக்கிறது என்றாலும், கோயில் பள்ளிகளில் தமிழ் படித்துவிட்டுச் செய்தித் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் என்னைத் தேடி வருகிறார்கள். "எந்த ட்ரோன் வாங்கலாம், அண்ணா?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. கருவி பற்றிய அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்று நான் அவர்களுக்குச் சொல்லிவரும் பதிலின் விரிவு இது.

முதலில் சட்டம். தென்னாப்பிரிக்காவில் ட்ரோன்களுக்கான விதிகள் 2015 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின் 101ஆம் பகுதி என்று அவற்றைக் குறிப்பிடுவார்கள். பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் எடுத்த படத்துக்குக் காசு வாங்கினாலோ, ஒரு செய்தி நிறுவனத்துக்காக எடுத்தாலோ அது பொழுதுபோக்கு ஆகாது. அப்போது பறக்கவிடுபவருக்குத் தொலைவிட விமானி உரிமமும், ட்ரோனுக்குப் பதிவும் ஒப்புதல் கடிதமும், அதை இயக்கும் நிறுவனத்துக்கு இயக்குநர் சான்றும் வேண்டும். நிறுவனம் போக்குவரத்துத் துறையின் விமானச் சேவை உரிமத்தையும் பெற வேண்டும். வார இறுதியில் விளையாட்டாக எடுத்த படத்தைத் திங்கட்கிழமை பத்திரிகைக்கு விற்கலாம் என்று நினைக்கும் பிள்ளைகளிடம், விதிமீறலுக்கு 50,000 ராண்ட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

விமானி உரிமத்தைத் தனியொருவர் முயன்று பெற்றுவிடலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று, ஆங்கில மொழித் திறன் தேர்வு, எழுத்துத் தேர்வு, வானொலித் தொடர்புச் சான்று, இறுதியில் பறக்கும் தேர்வு என்று சில மாதங்களில் முடிந்துவிடும். இயக்குநர் சான்று அப்படியல்ல. செயல்முறைக் கையேடுகளும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் ஆய்வுகளுமாக அது நீண்டு கொண்டே போகும். எங்கள் இதழைப் போன்ற சிறிய நிறுவனத்தால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. எனவே ஏற்கெனவே சான்று வைத்திருக்கும் ஒரு நில அளவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்களுடைய விமானிகளில் ஒருவனாகப் பதிவு செய்துகொண்டே நான் பறக்கவிடுகிறேன். சிறு பத்திரிகைகளுக்கு நான் பரிந்துரைக்கும் வழியும் இதுதான். இந்த ஏற்பாட்டை வெள்ளம் வருவதற்கு முன்பே செய்து வைத்திருக்க வேண்டும். வந்த பிறகு விண்ணப்பித்தால் அடுத்த வெள்ளத்துக்குத்தான் கிடைக்கும்.

அடுத்து, எங்கே பறக்கவிடலாம் என்ற கேள்வி. தனி அனுமதி இல்லாமல் விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது. தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ட்ரோன் கண்பார்வையிலிருந்து மறையக் கூடாது. சிறை, நீதிமன்றம், காவல் நிலையம் போன்றவற்றின் மேலே போகக் கூடாது. டர்பன் வரைபடத்தை எடுத்து, வடக்கே கிங் ஷாகா விமான நிலையத்தையும், டர்பன் நார்த்தில் உள்ள வர்ஜீனியா என்ற சிறிய விமான நிலையத்தையும், தெற்கே பழைய விமான நிலைய இடத்தில் இன்றும் இயங்கும் விமானப்படைத் தளத்தையும் மையமாக வைத்து 10 கிலோமீட்டர் வட்டங்கள் வரையச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வட்டங்கள் போக மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்ததும் அவர்கள் முகம் வாடிவிடும். நம் மக்கள் அதிகம் வாழும் டொங்காட்டும் வெருலமும் முதல் வட்டத்துக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன.

உயரத்தைப் பற்றி ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பயிற்சி நிலையங்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். திரையில் தெரியும் உயர எண், ட்ரோனுக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. நாம் கிளப்பிய இடத்திலிருந்து காற்றழுத்த வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. சமவெளியில் இந்த வேறுபாடு பெரிதில்லை. டர்பனும் அதன் சுற்றுப்புறமும் மேடும் பள்ளமுமான நிலம். 2017இல் உம்சிண்டோவுக்கு அருகே கரும்புக் காட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, பள்ளத்தில் நின்று ஒரு ஃபேன்டம் 3 ட்ரோனைக் கிளப்பி, எதிரே இருந்த மேட்டைத் தாண்டி ஓட்டினேன். மேட்டின் மறுபக்கம் அது இறங்கியதும் கண்ணிலிருந்து மறைந்தது. சில நொடிகளில் சிக்னலும் அறுந்தது. சிக்னல் அறுந்தால் தானாகவே கிளப்பிய இடத்துக்குத் திரும்பும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. திரும்பும் உயரம் 30 மீட்டர் என்று முன்பே இருந்ததை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். மேடு மட்டுமே அந்தப் பள்ளத்திலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் உயரம். அதன் உச்சியில் யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நின்றன. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மரத்தில் மோதி இறக்கை உடையும் சத்தம் மட்டும் காற்றில் வந்தது. முழங்காலளவு கரும்புச் சோகையில் ஒரு மணி நேரம் தேடி, கேமராவைத் தாங்கும் கை உடைந்து தொங்கிய நிலையில் அதை எடுத்து வந்தேன். கீழே ஆள் யாரும் இல்லாதது என் நல்ல காலம். அன்று முதல், கிளப்புவதற்கு முன் சுற்றிலும் உள்ள உயரமான பொருள் எது என்று பார்த்து, அதைவிட 20 மீட்டர் கூடுதலாகத் திரும்பும் உயரத்தைக் கையால் மாற்றி எழுதுகிறேன். அதை உடனிருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறேன்.

காற்றும் அப்படியே. நமக்குக் காற்று தெரிவது முகத்தில். ட்ரோன் நிற்பது அதற்கு 60 மீட்டர் மேலே. டர்பனில் பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். எதிர்க்காற்றில் திரும்பி வர வேண்டிய பக்கமாக முதலில் ஓட்டக் கூடாது என்பதும், 30 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் 20 நிமிடத்துக்கே திட்டமிட வேண்டும் என்பதும், பேட்டரியைப் பல நாள் பயன்படுத்தாமல் வைக்கும்போது பாதியளவு மட்டுமே சார்ஜ் இருக்க வேண்டும் என்பதும் அனுபவத்தில் கற்றவை. முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், விமான வானொலி ஆகியவை காரில் இருக்க வேண்டும் என்பது விதி. வானொலியை வெறும் சடங்காக நினைத்துக்கொண்டிருந்த என் எண்ணத்தை வெள்ள நாட்கள் மாற்றின.

இவ்வளவு இடர்பாடுகளுக்கு மத்தியிலும் ட்ரோன் செய்திக்குத் தேவைதானா என்று கேட்பவர்களுக்கு, இந்த நாட்டிலேயே சிறந்த விடை இருக்கிறது. ஜானி மில்லர் என்ற ஒளிப்படக்காரர் 2016 முதல், கேப் டவுனில் தொடங்கி, செல்வமும் வறுமையும் ஒட்டி நிற்கும் இடங்களை மேலிருந்து படமெடுத்து வருகிறார். அவற்றுள் டர்பனில் எடுக்கப்பட்ட ஒரு படம் என் மேசைக்கு மேலே இருக்கிறது. பச்சைப் பசேலென்ற கோல்ஃப் மைதானம்; அதைத் தொட்டாற்போல் தகரக் குடிசைகள். அந்த மைதானத்தின் பெயர் பாப்வா செவ்கோலம். இந்திய வம்சாவளிக் கோல்ஃப் வீரரான அவர் 1963இல் நேட்டால் ஓபன் போட்டியில் வென்றபோது, வெள்ளையருக்கு மட்டுமான மன்றக் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்படாமல், வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அவர் பெயரைத் தாங்கிய மைதானத்தின் ஓரத்தில், பால்மியட் ஆற்றங்கரையில், இன்று வேறு ஏழைகள் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். தரையில் நின்று எடுத்த எந்தப் படமும் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒரே படச் சட்டத்தில் காட்டியிருக்க முடியாது. அந்த ஆறு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று மேலிருந்து பார்த்தவருக்கு, அந்தக் குடியிருப்பு 2019இலும் 2022இலும் வெள்ளத்தில் ஏன் அடிபட்டது என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாட்ஸ்வொர்த்தும் மேலிருந்து பார்த்தால்தான் புரியும் ஊர். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ், கேட்டோ மேனர் போன்ற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட இந்தியர்களை 1960களில் இங்கே குடியமர்த்தினார்கள். தெற்கே உம்லாஸ் ஆற்றுக்கு அப்பால் கறுப்பின மக்களுக்கான உம்லாசி, நடுவே பள்ளத்தாக்கு. ஆறும் பள்ளமும் இனங்களைப் பிரிக்கும் வேலியாகவே திட்டமிடப்பட்டன. வீடுகளோ ஒன்றோடொன்று சுவர் ஒட்டி, சரிவுகளை வெட்டிச் சமன்படுத்திய படிகளில் நிற்கின்றன. மேல் படியிலுள்ள வீட்டின் பின்சுவரே கீழ் வீட்டுக்கு ஆபத்து. கனமழையில் எது முதலில் சரியும் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனின் சில பகுதிகளில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டர்பன் அடங்கிய குவாசுலு-நேட்டால் மாகாணம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெற்கே சாலைகளில் கப்பல் கொள்கலன்கள் மிதந்து வந்து குவிந்தன. உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் கடல் செம்மண் நிறமாகிவிட்டது. மழை விட்ட காலையில் நானும், பறக்கும் ட்ரோனைக் கண்ணால் தொடர்ந்து பார்க்கும் கண்காணிப்பாளராக எப்போதும் என்னோடு வரும் நண்பரும், சாட்ஸ்வொர்த்தில் சரிவின் விளிம்பில் நின்ற அந்தத் தெருவுக்குப் போனோம்.

எந்தக் கட்டடத்துக்கும் 50 மீட்டருக்குள் பறக்க அதன் உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. பண்ணையில் அது ஒரு வீட்டுக் கணக்கு. சாட்ஸ்வொர்த்தில் 50 மீட்டர் என்றால் இருபது கதவுகள். சேற்றில் நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். எல்லோரும் சம்மதித்தார்கள், பலர் தேநீர் கொடுத்தார்கள், "எடுங்க, எடுத்து மேலிடத்துக்குக் காட்டுங்க" என்றார் ஒரு முதியவர். நடுவில் இருந்த இடிந்த வீட்டில் மட்டும் யாரும் இல்லை. குடும்பம் முந்தைய இரவே கோயில் மண்டபத்துக்குப் போய்விட்டது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மண்டபம் கார் போகும் தூரத்தில்தான் இருந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. மேகம் திரும்பிக் கொண்டிருந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து ட்ரோனைக் கிளப்பினேன்.

கிளப்பி ஏழாவது நிமிடத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. வானொலியில் மீட்புப் பணி பற்றிய பேச்சு ஒரு நிமிடம் முன்பே காதில் விழுந்திருந்ததால் உடனே இறக்கிவிட்டேன். நான் தரையிறக்கிய சிறிது நேரத்தில் அது எங்கள் தலைக்கு மேலேயே போனது. ஒரு கிலோவுக்கும் குறைவான ட்ரோன் மீட்பு ஹெலிகாப்டரின் சுழலியில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பேரிடர் நேரத்தில் ஹெலிகாப்டர் வரக்கூடும் என்ற இடத்தில் ஒரு காது எப்போதும் வானத்துக்கே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் படம் முடிந்ததா என்று பார்க்காமல் இறக்க வேண்டும். அன்று அந்த ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்தேன்.

எனக்குக் கிடைத்திருந்தவை ஒன்பது படங்கள். அவற்றில் ஒன்று அன்று மாலையே எங்கள் தளத்தில், தெருவின் பெயரோடு, வெளியானது. கூரையின் ஒரு பாதி பெயர்ந்து, உள்ளே படுக்கையறை, அலமாரி, குளியலறை எல்லாம் திறந்த பெட்டிபோல் தெரிந்தன. முன்கதவு திறந்திருந்ததும், முற்றத்தில் கார் இல்லாததும், எந்த அறையிலும் ஆள் இல்லாததும் தெரிந்தன. மறுநாள் மற்ற ஊடகங்களும் அந்தப் படத்தை எடுத்துப் போட்டன. நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். முந்தைய இரவு யாரோ புகுந்து, வெந்நீர்க் கொதிகலனையும் செம்புக் குழாய்களையும் சன்னல் சட்டங்களையும் மீந்திருந்த அலமாரியையும் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்றுதான் கோயில் மண்டபத்துக்குப் போனேன். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். அந்த வீட்டுப் பெரியம்மா ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்து, நனைந்துபோன பச்சை அட்டை அடையாளப் புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒட்டாமலிருக்க இடையிடையே கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக அவர் கேட்டது ஒன்றுதான்: "எல்லார் வீட்டையும் கேட்டியாமே, தம்பி. என் வீட்டை மட்டும் ஏன் யாரையும் கேக்கலே?"

திருடர்கள் என் படத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று நிறுவ முடியாது. வெள்ளத்தில் காலியான வீடுகள் பல இடங்களில் சூறையாடப்பட்டன. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது. சம்மதம் கேட்பதைப் பறக்கும் தூரத்துக்கான விதியாக மட்டுமே நான் புரிந்துவைத்திருந்தேன். வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மேலிருந்து எடுக்கும் படத்தில் மிகவும் அம்பலமாகிறவர் அந்த நேரத்தில் அங்கே இல்லாதவர்தான். தரையில் நின்று எடுக்கும் செய்தியாளரைக் குறைந்தபட்சம் ஒரு சுவரும் ஒரு திரைச்சீலையும் தடுக்கின்றன. கூரை போன வீட்டுக்கு மேலே நிற்கும் கேமராவுக்கு எதுவும் தடையில்லை.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் செய்திப் பணிக்கு விலக்கு அளிக்கிறதே என்று அலுவலகத்தில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். உண்மைதான், அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நெறிமுறைக்கு உட்பட்ட செய்திப் பணிக்கு விலக்கு தருகிறது. நெறிமுறைக்கு உட்பட்ட என்ற சொற்களை நாங்கள் அதுவரை நின்று படித்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வேலைமுறை மாறியது. காலியான வீடு படச் சட்டத்தில் வந்தால், அந்த வீட்டார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துக் கேட்காமல் வெளியிடுவதில்லை. தெருப் பெயரைப் போடுவதில்லை. வட்டாரப் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். ட்ரோன் படத்தின் கோப்புக்குள் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதப்பட்டிருக்கும். வெளியிடும் பிரதியிலிருந்து அவற்றை நீக்குகிறோம். ஒரு வீட்டை மட்டும் நடுவில் வைக்காமல், சரிவு முழுவதும் தெரியும்படி உயரத்தில் நின்று எடுப்பது பல நேரங்களில் செய்தியாகவும் சிறந்தது; ஒரு குடும்பத்தின் துயரம் என்பதைவிட ஒரு மலைச்சரிவின் திட்டமிடல் அதில் தெரியும். மூலக் கோப்பை மட்டும் எதையும் நீக்காமல், தேதியும் நேரமும் இடமும் அப்படியே இருக்க, தனி வட்டில் பூட்டி வைக்கிறோம். அதன் பயன் பின்னால் தெரிந்தது.

பறக்கவிடாமல் இருந்த நாட்களையும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் இந்த மாகாணத்தில் கடைகள் சூறையாடப்பட்ட கலவரத்தின்போது குடியிருப்புகளின் நுழைவாயில்களில் மக்கள் தடுப்பு அமைத்துக் காவல் நின்றார்கள். பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். தடுப்புகளை மேலிருந்து காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று வெளியூர் ஊடகங்கள் சில கேட்டன. தலைக்கு மேலே ட்ரோனின் ரீங்காரம் கேட்டால், அது யாருடையது என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. பயத்தில் இருக்கும் கூட்டத்தின் பயத்தை அது கூட்டும். யார் எங்கே நின்றார்கள் என்பதைத் துல்லியமாகக் காட்டும் படம் அடுத்த நாள் யார் கைக்குப் போகும் என்பதும் நம் கையில் இல்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அமைதி திரும்பிய பிறகு, ரொட்டிக்காக நின்ற வரிசைகளைப் பற்றி எழுதியபோதும் தரையில் நின்றே எண்ணினேன்.

தீமிதித் திருவிழாவில் வரும் வேண்டுகோள் வேறு வகை. புனித வெள்ளியன்று இங்கே மாரியம்மன் கோயில்களில் பூக்குழி இறங்குவது பல தலைமுறை வழக்கம். ஒரு கோயில் நிர்வாகம், குழிக்கு நேர் மேலே ட்ரோன் நின்றால் படம் அற்புதமாக இருக்கும் என்று அன்போடு கேட்டது. அருள் வந்து ஆடுபவர், கரகம் சுமப்பவர், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவர் என்று நெருங்கி நிற்கும் மக்களின் தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளை நிறுத்துவதற்கு எந்த அனுமதியும் போதாது. குழியிலிருந்து எழும் சூடான காற்று ட்ரோனைத் தூக்கித் தள்ளும். தாழ்வாக வந்தால் அதன் காற்று தணலையும் சாம்பலையும் கூட்டத்தின் மேல் வாரி இறைக்கும். போதாதற்கு, அங்கே பருந்து வட்டமிட்டால் மக்கள் கைகூப்புவார்கள். அந்தப் பருந்து தன் வட்டத்துக்குள் வந்த ட்ரோனைத் தாக்கவும் கூடும். இவற்றையெல்லாம் நிர்வாகத் தலைவரிடம் பொறுமையாக விளக்கி, ஊர்வலம் தொடங்குவதற்கு முன், காலியான மைதானத்தையும் அடுக்கி வைத்த விறகையும் விடியற்காலையில் எடுத்துத் தந்தேன். அவருக்கு முழு மனநிறைவு இல்லை. அடுத்த ஆண்டும் கேட்டார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னேன்.

ஆனால் ட்ரோனை எடுக்கவே முடியாத ஓர் இடத்தில்தான் என் நல்ல வேலைகளில் ஒன்று நடந்தது. அதே 2022 வெள்ளத்தில் டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊர் பல மாதங்கள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. விமான நிலையம் அருகில் என்பதால் பறக்க வழியில்லை. நானும் ஒரு பயிற்சிப் பெண்ணும் தண்ணீர் லாரிகளின் பின்னால் நாள்கணக்கில் நடந்தோம். வாளி தூக்கி மாடிப்படி ஏறும் முதியவரின் மணிக்கட்டு, ஒரு பாத்திரத்தில் நான்கு பேர் குளித்த கணக்கு, லாரி வரும் நேரம் தெரியாததால் வேலையை விட்ட ஒரு தாய் என்று அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதி நிரப்பியதை எந்த உயரத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. ட்ரோன் கற்க வருபவர்களை முதலில் இப்படி ஒரு மாதம் நடக்க அனுப்புகிறேன். எங்கே பறக்க வேண்டும் என்பது நடந்தவருக்கே தெரிகிறது.

பெரியம்மாவை அதற்குப் பிறகு பலமுறை போய்ப் பார்த்தேன். மறு ஆண்டு அவருடைய மகன் என்னைக் கூப்பிட்டார். வீட்டின் பின்சுவரைச் சரியாகக் கட்டாததால்தான் வீடு சரிந்தது என்று சொல்லி அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுத்திருந்தது. அன்று எடுத்தவற்றில் வெளியிடாத படங்கள் ஏதேனும் இருக்கின்றனவா என்று கேட்டார். வட்டிலிருந்த மூலக் கோப்புகளை எடுத்துக்கொண்டு போய், சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தோம். வெளியான படத்துக்கு முந்தைய மூன்று படங்களில் படச் சட்டம் சற்று மேலே தள்ளியிருந்தது. மேல் தெருவின் மழைநீர் வடிகால் உடைந்து, அதன் வாயிலிருந்து சேற்றுத் தடம் நேராக இவர்கள் பின்சுவர் வரை இறங்கியிருப்பது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. சுவரின் இரு முனைகளும் அப்படியே நின்றன. தண்ணீர் இடித்த நடுப்பகுதி மட்டுமே போயிருந்தது. நான் அந்தப் படங்களை, வீடு ஓரத்துக்குப் போய்விட்டது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

மூன்றையும் தேதி, நேரம், இடக் குறிப்புகளோடு அச்சிட்டு, எடுத்தவன் நான்தான் என்று காவல் நிலையத்தில் சத்தியக் கடிதம் ஒன்றும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மகன் அவற்றை உறையில் வைத்தபோது பெரியம்மா ஒரு படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதைப் பேப்பர்லே போடுவியா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னாத்தான், பெரியம்மா."

"வழக்கு முடியட்டும். அப்புறம் போடு. அந்தச் சாக்கடையைப் பெருசாப் போடு."